கொரில்லா பார்ப்பதும் பிசோக்கே எரிமலை ஏற்றமும் ஒரே நாளில்?

முடியாது. ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் இரண்டுக்குமே காலை 7 மணிக்குப் பூங்கா அலுவலகம் இருக்கும் கினிகியில் ஆஜராக வேண்டும், அதனால் காலையில் கொரில்லா, மதியம் பிசோக்கே என்ற உங்கள் திட்டம் நடக்காது.

'ஒரு மணி நேரம்' என்று எங்கோ படித்ததுதான் உங்களைக் குழப்பியிருக்கும். அது கொரில்லாக் குடும்பத்தின் அருகில் இருக்க விடும் நேரம் மட்டும். அவை அன்று எங்கே மேய்கின்றன என்பதைப் பொறுத்து, மூங்கில் காட்டையும் கையைச் சுடும் காஞ்சொறிப் புதர்களையும் தாண்டிப் போய்ச் சேர அரை மணியும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். பிசோக்கே 3,711 மீட்டர், வழியெல்லாம் சேறு, உச்சி ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கவே பாதி நாள் போய்விடும்.

முதலில் இரண்டு அனுமதிச் சீட்டுகளிலும் தேதியைப் பாருங்கள். ஒரே தேதி என்றால் பிசோக்கேயை மறுநாளுக்கு மாற்றக் கேளுங்கள். கொரில்லாச் சீட்டு 1,500 டாலர், அதைத் தொடாதீர்கள். அப்புறம், முந்தைய இரவே பூங்காவுக்கு அருகிலுள்ள முசான்சே நகரில் தங்கிவிடுங்கள், தலைநகர் கிகாலியிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தால் மலை ஏறும் முன்பே களைத்துவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: சளி, இருமல் இருந்தால் கொரில்லாவிடம் விட மாட்டார்கள். நம் சாதாரணச் சளி அவற்றைக் கொன்றுவிடக்கூடும், அதனால் உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.