ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தால் குடல் புற்றுநோய் தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. மண்டபத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். என் அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; இப்போது நன்றாக இருக்கிறார். ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை வைத்தே குடல் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ராமநாதபுரத்தில் ஒரு லேபில் கேட்டேன், 'கேன்சர் மார்க்கர்' டெஸ்ட் இருக்கிறது என்றார்கள். அது போதுமா? குழாய் விட்டுப் பார்ப்பது என்றாலே கூச்சமாக இருக்கிறது. கருவாடு அதிகம் சாப்பிடுவதால் இந்த நோய் வருமா? எனக்கும் எப்போதாவது வெளிக்குப் போகும்போது ரத்தம் படும். மூலம்தான், களிம்பு போட்டால் சரியாகிவிடும். தடைக்காலத்தில் வந்து டெஸ்ட் எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: போதாது தம்பி. உங்களுக்குத் தேவை கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதற்குத் தடைக்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த வீடியோ விஷயம். அது முழுப் பொய் இல்லை. புற்றுநோய்ச் செல்களில் சில புரதங்கள் உருமாறிவிடும், அல்லது அளவுக்கு மீறிச் சேரும். நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியர் என்று நினைத்து எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை உண்டாக்கும். இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது பி53 என்ற புரதத்துக்கு எதிராக உருவாவது. 1982-இலேயே மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். கட்டி சிறியதாக இருக்கும்போது அது ரத்தத்தில் விடும் புரதம் மிகமிகக் கொஞ்சம். ஆனால் அதைப் பார்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஏராளம், வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கவும் செய்யும். கட்டி கண்ணுக்குத் தெரியுமுன்பே அதன் சுவடு ரத்தத்தில் கிடைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நம்புவது இதனால்தான். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை.

சிக்கல் எங்கே என்றால், எல்லோருடைய உடலும் இப்படி எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. பெருங்குடல் புற்றுநோய் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அதிகம் போனால் நான்கில் ஒருவருக்குத்தான் பி53 எதிர்ப்பொருள் தென்படுகிறது. கணக்காகவே பார்த்துவிடுவோம். ஆயிரம் பேரில் 5 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த டெஸ்ட் அந்த ஐவரில் ஒருவரைப் பிடிக்கும், நால்வரை விட்டுவிடும். நோயில்லாத நூறு பேரில் 5 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டுவதாக வைத்தால், சுமார் 50 பேர் தூக்கத்தைத் தொலைப்பார்கள். 'இருக்கிறது' என்று வந்தவர்களுக்கும் அடுத்து கொலோனோஸ்கோப்பிதான். பல எதிர்ப்பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாகப் பிடிக்கலாம் என்று முயல்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அப்படி ஒரு கூட்டு ரத்தப் பரிசோதனையை ஸ்காட்லாந்தில் 12,000 பேருக்கு மேல் செய்து பார்த்தார்கள். அங்கேயும் ரத்தத்தில் வந்ததும் ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு சொன்னார்கள்.

இந்த டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால் நீங்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். எனக்குப் பயம் அதில்தான். வலையில் மீன் படவில்லை என்பதற்காகக் கடலில் மீனே இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

லேபில் சொன்ன 'கேன்சர் மார்க்கர்' வேறு. பெரும்பாலும் அது சி.இ.ஏ. டெஸ்டாக இருக்கும். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்ததும் அதுவாகவே இருக்கலாம். அது எதிர்ப்பொருள் இல்லை, கட்டியே சுரக்கும் ஒரு புரதம். 1965-இல் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அது நன்றாக உதவும். நோய் இருக்கிறதா என்றே தெரியாதவருக்கு உதவாது. ஆரம்ப நிலையில் பலருக்கு அளவு சரியாகவே இருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோயில்லாமலே கூடும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் இதைச் சேர்த்துக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எதிர்ப்பொருள் பார்ப்பதில்லை, ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுகிறது. புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 83 பேரைக் கண்டுபிடித்தது. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில் நூற்றுக்கு 13-ஐத்தான் பிடித்தது. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை. அது புற்றாக மாறச் சாதாரணமாகப் பத்து வருடம்போல ஆகும். அந்தப் பத்து வருடத்துக்குள் அதை வெட்டி எடுத்துவிட்டால் அதிலிருந்து புற்றுநோய் வராது. பாலிப்பைக் கண்ணால் பார்த்து, அப்போதே வெட்டி எடுக்க கொலோனோஸ்கோப்பியால் மட்டும்தான் முடியும். போதாததற்கு, அந்த அமெரிக்க டெஸ்டும் 45 வயதைத் தாண்டிய, குடும்பத்தில் நோய் இல்லாத சாதாரண ஆட்களுக்கானது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள்.

எதிர்ப்பொருளை நம்பி உலகம் முழுக்க நடக்கும் ஒரு பரிசோதனையும் உண்டு. அது ரத்தத்தில் இல்லை, மலத்தில். 'ஃபிட்' என்பார்கள். குச்சியுடன் வரும் பாட்டிலில் கொஞ்சம் மலத்தை எடுத்துக் கொடுத்தால், மனித ஹீமோகுளோபினை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருளை வைத்து லேபில் சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் அது காட்டிக்கொடுக்கும். பழைய மலப் பரிசோதனைக்கு முன்பு கறி, மீனை நிறுத்தச் சொல்வோம். இதற்கு அது வேண்டாம், முந்தின நாள் சூரைக் குழம்பு சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜப்பானில் 1992 முதல் நாடு முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். புற்றுநோய் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேரை ஒரே முறையில் கண்டுபிடிக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் வராத உங்கள் படகுச் சிநேகிதர் 50 வயதில் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு 40 போன வருடமே முடிந்துவிட்டது. இது மட்டும் என்றால் ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலத்தில், தொழில் கெடாமல் வாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் ரத்தம் படுகிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி.

மூலமாகவே இருக்கலாம். படகில் கழிப்பறை கிடையாது, தண்ணீரும் அளந்துதான் குடிப்பீர்கள், அடக்கி அடக்கி மலச்சிக்கல் வரும். கடல்தொழிலுக்குப் போகிறவர்கள் மூலம் என்று வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் மூலம் இருப்பவருக்கே மேலே கட்டியும் இருக்கலாம். களிம்பில் ரத்தம் நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, கட்டியிலிருந்து வரும் ரத்தமும் விட்டுவிட்டுத்தான் வரும். இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். ஆம்பிளைக்கு ரத்தசோகை என்றால் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். முதலில் விரலால் பரிசோதிப்பார்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பலவும் விரலுக்கே எட்டும். கொலோனோஸ்கோப்பிக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கூச்சம் எல்லோருக்கும் உண்டு. மயக்க ஊசி போட்டு, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். பாலிப்பை வெட்டினாலும் வலிக்காது, குடலின் உட்சவ்வுக்கு அந்த உணர்ச்சி கிடையாது. குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. உண்மையான கஷ்டம் முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்வதுதான். கீரை, கொய்யா, தக்காளி என்று நாரும் விதையும் உள்ளவற்றை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். முந்தின நாள் வடிகஞ்சி, இளநீர், தெளிந்த ரசம் போதும். சிவப்புச் சாயம் போட்ட குளிர்பானம் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும். பேதிப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்வார்கள். அதற்கு உப்புக்கரிக்கும் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள், ஏற்கெனவே அந்தப் பொடி உப்புச் சுவைதான், வாந்தி வந்துவிடும். காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ கலக்குங்கள். பாதியை முந்தின நாள் மாலையிலும் மீதியை அன்று அதிகாலையிலும் குடித்தால் நன்றாகச் சுத்தமாகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுத்தால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், மயக்க ஊசி போட்ட அன்று வண்டி ஓட்டக் கூடாது.

கருவாடு பற்றி: பெருங்குடல் புற்றுநோய்க்கு நம் கருவாட்டைக் குற்றவாளியாக்க ஆதாரம் இல்லை. சீன முறையில் உப்பிட்ட மீன் மூக்கின் பின்பக்கத் தொண்டையில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னதைத்தான் ஆளாளுக்குத் திரித்துவிடுகிறார்கள். ரத்தக்கொதிப்பு இருந்தால் குறையுங்கள், அவ்வளவுதான். குடலுக்குப் பகை சாராயமும் சிகரெட்டும் தொப்பையும்தான்.

இன்னொரு வேலை இருக்கிறது. அப்பாவின் ஆபரேஷன் ஃபைலில் பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கும், அதைத் தேடி எடுத்துப் போங்கள். பரம்பரையாக வரும் வகையா என்று அந்தத் திசுவிலேயே சோதிக்க முடியும். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக லேபில் வைத்திருக்கக்கூடும். அப்பா வழியில் யாருக்காவது கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு வகைப் பரம்பரை நோயில் இரண்டும் ஒரே குடும்பத்தில் வரலாம். அந்த வகை என்று தெரிந்தால் 20, 25 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டியிருக்கும். உங்களோடு பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் 40 வயதுக் கணக்கு உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன அக்கா, தங்கைக்கும்தான். இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.