என்டி-ப்ரோபிஎன்பி 4,200 என்றால் அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு காலம்?

68 வயது அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் ரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்ய முடியாத நிலை), இதயம் எவ்வளவு சிரமப்படுகிறது என்று காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் 4,200, இதை வைத்துக் காலம் சொல்ல முடியுமா, மாதாமாதம் எடுத்துப் பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க கூகிளில் தேடியிருப்பீர்கள், அம்மாவிடம் மூச்சு விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். 'உனக்கென்ன தகுதி' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: மாமனாரின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்காக அலைகிற மருமகள், அவ்வளவுதான் தகுதி.

மும்பை செம்பூரில் இருக்கிறோம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாமா கால் வீங்கி, மூச்சு வாங்கி அட்மிட் ஆனபோது இந்த எண் 8,400. ஊசி போட்டு நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்பும்போது 5,100. இறங்கினதே நல்லது என்றார் டாக்டர். சேரும்போது இருந்ததில் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்து வீடு திரும்புகிறவர்கள் மறுபடி அட்மிட் ஆவதும் இறப்பதும் மற்றவர்களைவிடக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. அதில் உங்கள் அப்பா எந்த ஆள் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அடுத்த மாசம் என் கொழுந்தன் தெருமுனை லேப் ஆளை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்தான். 690! ஊருக்கெல்லாம் போன் போட்டு, "அப்பாவுக்கு அஞ்சாயிரத்துல இருந்து எழுநூறுக்கு வந்துட்டு" என்கிறான். வீட்டில் பாயசம் வேறு. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அது வெறும் பிஎன்பி. "இது வேற டெஸ்ட்டு, அதோட ஒப்பிடக் கூடாது" என்றேன். "மதினி, எல்லாத்துக்கும் நொட்டை சொல்லாதீங்க" என்றான்.

இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது ப்ரோபிஎன்பி என்று ஒன்று சுரந்து இரண்டாக உடைகிறது. பிஎன்பி வேலை செய்யும் ஹார்மோன், சீக்கிரம் கரைந்துவிடும். மற்ற துண்டுதான் என்டி-ப்ரோபிஎன்பி. ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால் அதன் எண் பொதுவாகப் பல மடங்கு பெரிது. போதாக்குறைக்கு மாமா சாப்பிடுவது சாகுபிட்ரில் என்ற ஹார்ட் ஃபெயிலியர் மருந்து சேர்ந்த மாத்திரை. பிஎன்பியை உடைக்கும் நொதியை அது தடுப்பதால், பிஎன்பி எண்ணை அப்படியே நம்ப முடியாது.

பிடிவாதமாக ஆஸ்பத்திரி லேபிலேயே எடுக்க வைத்தேன். 4,900. பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை, உடம்பில் நீர் சேர்ந்து எடையும் ஏறியிருந்தது. டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார், மாமா தெளிந்தார். கொழுந்தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது: "நான் டெஸ்ட் எடுத்ததாலதான் தெரிஞ்சுது."

   

கிட்னி சரியில்லாவிட்டால் இந்த எண் ஏறும். வயதானாலும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு இருந்தாலும் ஏறும். பருமனான உடம்புக்குக் குறைத்துக் காட்டும். திடீர் மூச்சுத்திணறலோடு வருகிறவருக்கு ஹார்ட் ஃபெயிலியர்தானா என்று பார்க்கவே 50 வயதுக்குள் 450, 75 வரை 900, அதற்கு மேல் 1,800 என்று தனித்தனிக் கோடு வைத்திருக்கிறார்கள்.

மாதாமாதம் தேவையா? கைடு-ஐடி என்ற ஆய்வு 2017-ல் வெளிவந்தது, அமெரிக்காவிலும் கனடாவிலும் 894 பேர். எண்ணை 1,000-க்குக் கீழே கொண்டுவந்தே தீருவது என்று மருந்து கொடுத்தவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தெரியாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். டெஸ்டே தண்டம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது எடுங்கள், அதே டெஸ்ட், முடிந்தால் அதே லேப். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

அப்பாவின் கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) எவ்வளவு, முந்தைய எண் எவ்வளவு என்று நீங்கள் போடவே இல்லை. இந்த 4,200 எட்டாயிரத்தில் இருந்து இறங்கியதா, ஆயிரத்தில் இருந்து ஏறியதா? அடுத்த தடவை பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.