டிடி கார்டன் டிக்கெட்டை எப்போது எடுப்பது?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு படிக்கிறாள். போன இடத்தில் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மார்ச்சில் பாஸ்டன் டிடி கார்டன் அரங்கில் நடக்கும் ஹாக்கி ஈஸ்ட் பிளேஆஃப் அரையிறுதி, இறுதி இரண்டுக்கும் வீட்டில் நான்கு பேருக்கும் இப்போதே டிக்கெட் எடுக்கச் சொல்கிறாள். அவள் டீம் அதுவரை வராவிட்டால் பணம் போச்சா? வந்து தோற்றால் சீசனே முடிந்துவிடுமா? எனக்கு கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

பதில்: இப்போது எடுக்காதீர்கள். காலிறுதி முடியும்வரை பொறுங்கள். மகள் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

ஹாக்கி ஈஸ்ட் என்பது பல்கலைக்கழக டீம்கள் ஆடும் ஒரு கான்பரன்ஸ், அதாவது ஒரு லீக் குழு. அதன் ஆண்கள் பிரிவில் 11 டீம்கள். லீக் ஆட்டங்களில் முதல் ஐந்து இடம் பிடித்தவை நேராகக் காலிறுதிக்குப் போகும். மீதி ஆறும் முதல் சுற்று ஆடி, அதில் மூன்று மேலே வரும். எல்லாமே ஒரே ஆட்டம்தான். ஐபிஎல்லில் முதலிரண்டு இடம் பிடித்தால் ஒருமுறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே, அந்தச் சலுகை இங்கே கிடையாது. லீக்கில் முதலிடம் பிடித்த டீம்கூட ஒரு மோசமான இரவில் வீட்டுக்குப் போய்விடும். 2025-ல் அதுதான் நடந்தது. முதலிடத்தில் இருந்த பாஸ்டன் காலேஜை அதன் சொந்த அரங்கிலேயே காலிறுதியில் நார்த்ஈஸ்டர்ன் தோற்கடித்தது. கார்டன் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பாஸ்டன் காலேஜ் ரசிகர்களை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்குச் சாதகமும் அதில்தான் இருக்கிறது. காலிறுதியில் தோற்ற டீம்களின் ரசிகர்கள் கையில் இருக்கும் டிக்கெட்டை மறுவிற்பனைக்குப் போடுவார்கள். கார்டனில் பதினேழாயிரத்துக்கு மேல் இருக்கை உண்டு. மேல் அடுக்கில் நான்கு பேருக்கு இடம் கிடைக்காமல் போவது அரிது. மெய்ன் பல்கலைக்கழகம் அரையிறுதிக்கு வந்துவிட்டால் மட்டும் கதை வேறு. ஆரோனோவிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வரும் கூட்டம் அது. 2004-க்குப் பிறகு 2025-ல்தான் அவர்களுக்குக் கோப்பை கிடைத்தது. இறுதியில் 5-2 என்று தோற்றது உங்கள் மகளின் கனெக்டிகட்தான். அவளிடம் இதைப் பேச்சுவாக்கில்கூட எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் உண்மையில் போகவேண்டியது காலிறுதிக்கு. கனெக்டிகட் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அது ஸ்டோர்ஸில், பல்கலைக்கழக வளாகத்து டொஸ்கானோ அரங்கில் நடக்கும். 2023-ல் திறந்தது, மூவாயிரம் பேர்கூடக் கொள்ளாது. எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ‘பக்’ (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டை வட்டு) ஓரப் பலகையில் மோதும் சத்தம் நெஞ்சில் இடிக்கும். ஒரு பக்கம் மாணவர் கூட்டம், பக்கத்திலேயே பேண்டு. எதிரணி கோல்கீப்பர் கோல் விட்டால் மொத்த மாணவர் பகுதியும் அவரை விரல் நீட்டிச் ‘சல்லடை, சல்லடை’ என்று ஆங்கிலத்தில் கத்தும். கார்டனில் இந்த நெருக்கம் வராது. எடிசனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். ஆனால் இந்த டிக்கெட்டுக்குப் பொறுமை உதவாது. சின்ன அரங்கு, விற்பனை திறந்ததும் தீர்ந்துவிடும். ஆக, கார்டனுக்குக் காத்திருங்கள், ஸ்டோர்ஸுக்கு முந்துங்கள்.

அடுத்து, தோற்றால் சீசன் முடிந்ததா என்பது. இதற்கு ஒரே பதில் கிடையாது. அந்த டீம் தேசியத் தரவரிசையில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கான்பரன்ஸ் பிளேஆஃப்கள் முடிந்ததும் தேசியப் போட்டி உண்டு. அதில் 16 டீம்கள். ஹாக்கி ஈஸ்டையும் சேர்த்து ஆறு கான்பரன்ஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிளேஆஃப் கோப்பை வென்ற டீமுக்கு இடம் உறுதி. மீதி பத்து இடங்கள் கணக்குப்படி. யாரோடு ஆடினீர்கள், எங்கே ஆடினீர்கள், வென்றீர்களா என்பதையெல்லாம் சேர்த்து எண்ணாக்கும் கணக்கு. வெகுகாலம் ‘பேர்வைஸ்’ என்ற முறை இருந்தது, 2025-26 சீசனிலிருந்து ‘என்பிஐ’ என்று மாற்றினார்கள். உங்களுக்கு உள்கணக்கு வேண்டாம், பட்டியல் போதும். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

பிளேஆஃப் தொடங்கும்போது டீம் முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் ஒரு தோல்வியால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருபதுக்குக் கீழே என்றால் கோப்பை ஒன்றே வழி. 14, 15, 16-ல் நிற்கும் டீமின் நிலைதான் பரிதாபம். பதினாறு டீமுக்கு இடம் என்றால் பதினாறாவது டீமுக்கும் இடம் என்று தோன்றும். அப்படி இல்லை. வேறு ஏதோ ஒரு கான்பரன்ஸில் முப்பதாவது இடத்தில் இருக்கும் டீம் கோப்பையை வென்றுவிட்டால், அது உள்ளே வரும், இந்தப் பதினாறாவது வெளியே போகும். தன் ஆட்டம் முடிந்தபிறகும் அடுத்தவன் ஆட்டத்தைப் பார்த்து நகம் கடிக்கும் நிலை. நெட் ரன் ரேட்டுக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு இருக்குமே, அதேதான்.

2025-ஐயே பாருங்கள். காலிறுதியில் வெளியேறிய பாஸ்டன் காலேஜ் தேசியப் போட்டிக்கு முதல் வரிசை டீமாகவே போனது. அதைத் தோற்கடித்த நார்த்ஈஸ்டர்ன் அரையிறுதியில் மெய்னிடம் தோற்றதும் சீசன் முடிந்தது. பாஸ்டன் யூனிவர்சிட்டி அரையிறுதியில் கனெக்டிகட்டிடம் தோற்று, அப்புறம் தேசிய இறுதிவரை போய் வெஸ்டர்ன் மிச்சிகனிடம் விழுந்தது. இறுதியில் தோற்ற கனெக்டிகட்டுக்கும் அந்த வருஷம் முதல்முறையாகத் தேசிய வாய்ப்பு கிடைத்தது. அந்த ஆட்டங்கள் நடந்தது பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், உங்கள் வீட்டிலிருந்து பாஸ்டனைவிட எவ்வளவோ பக்கம்! தேசியப் போட்டியின் முதல் கட்டமான இந்த மண்டல ஆட்டங்களின் ஊர் வருஷத்துக்கு வருஷம் மாறும். பட்டியல் வந்ததும் எந்த ஊர் என்று பாருங்கள்.

கார்டனுக்குத்தான் போவது என்று முடிவானால் நாளைச் சரிபாருங்கள். வார இறுதி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு; 2025-ல் அரையிறுதி வியாழன், இறுதி வெள்ளி. ஒரே நாளில் இரண்டு அரையிறுதி நடக்கும் என்பதால், டிக்கெட் இரண்டுக்கும் சேர்த்தா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பக்கத்து மெட்ரோபார்க் நிலையத்தில் ஆம்டிராக் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தமான சவுத் ஸ்டேஷன்வரை போகாமல் பேக் பே-யில் இறங்கி ஆரஞ்சு லைன் மெட்ரோ பிடியுங்கள். அது நேரே நார்த் ஸ்டேஷன் போகும். கார்டன் அதன் தலைக்குமேல்தான் இருக்கிறது. முதுகுப்பை எதுவும் கொண்டுபோகாதீர்கள், பர்ஸ் அளவுக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். கீழே ஐஸ் இருக்கிறது என்பதை மறந்து மெல்லிய சட்டையோடு வந்து நடுங்கிய உறவினர் எனக்கு உண்டு; ஸ்வெட்டர் கட்டாயம்.

அன்றிரவே திரும்பும் திட்டம் வேண்டாம். லீக் ஆட்டம் சமமானால் ஐந்து நிமிஷ ஓவர்டைம், அதற்குமேல் ஷூட்அவுட் என்று சீக்கிரம் முடித்துவிடுவார்கள். பிளேஆஃபில் அது கிடையாது. யாராவது ஒரு கோல் போடும்வரை இருபது இருபது நிமிஷமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். 2015-ல் ஹாக்கி ஈஸ்ட் முதல் சுற்றில் மாசசூசெட்ஸும் நோத்ர டாமும் ஐந்து ஓவர்டைம் ஆடின. ஆட்ட நேரம் மட்டும் 151 நிமிஷம் 42 விநாடி. வழக்கமான ஆட்டம் 60 நிமிஷம்.

உங்கள் கிரிக்கெட் மூளைக்கு ஒரே எச்சரிக்கை: பவர் பிளே என்றால் இங்கே வேறு. தப்பு செய்த ஆட்டக்காரர் இரண்டு நிமிஷம் ஓரத்தில் உட்கார, அவர் டீம் ஓர் ஆள் குறைவாக ஆடும். கோல் அப்போது விழ வாய்ப்பு அதிகம். பாப்கார்ன் வாங்க எழுந்திருக்காதீர்கள்.

இன்னொன்று. நான்கு டிக்கெட் என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்களுக்குத் தனி டிக்கெட், தனிப் பகுதி உண்டா என்று மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் அவள் பேண்டு பக்கத்தில் தோழிகளோடு நின்று கத்தத்தான் போவாள். உங்களுக்கு மூன்று போதும்.