வெளுத்துப்போன ஆட்டுக்கு டிரிப் ஏற்றலாமா?

கேள்வி: ஐயா, மலேசியாவின் நிபோங் தெபாலில் 14 ஆடு வளர்க்கிறேன். குட்டி போட்டு ஐந்து வாரமான பெட்டை ஒன்று, 25 கிலோ இருக்கும், படுத்துவிட்டது. கண் இமையின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. தாடைக்குக் கீழே வீக்கம் தொங்குகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு ஆட்டை நாய் கடித்து ரத்தம் கொட்டியபோது, டாக்டர் டிரிப் போட்டதும் எழுந்து நின்றது. அதனால் கடைக்காரர் கொடுத்த 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் அரை லிட்டரை ஏற்றினேன். இப்போது மூச்சு வாங்குகிறது. இன்னும் எத்தனை பாட்டில் போடலாம்?

பதில்: இனி ஒரு பாட்டிலும் வேண்டாம், தம்பி. இன்றைக்கே வெட்னரி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நாய் கடித்த ஆட்டுக்கு ரத்தம் ஒரே மூச்சில் போனது. ரத்தக் குழாய் காலியானதால் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ, அதாவது உப்புக் கரைசல், அதை நிரப்பிக் காப்பாற்றும். அதிலும் முக்கால் பங்கு ஒரு மணி நேரத்துக்குள் குழாயை விட்டுச் சதைக்குள் போய்விடும். டெக்ஸ்ட்ரோஸ் இன்னும் மோசம். சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

உங்கள் ஆட்டுக்கு ரத்தம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. அளவை உடம்பே தண்ணீரால் ஈடுகட்டிவிட்டது. குறைவது சிவப்பணுவும் புரதமும். தாடை வீக்கம் புரதம் குறைந்ததால் வருவது. அந்த உடம்பில் இருப்பதே இரண்டு லிட்டருக்கும் குறைவான ரத்தம். அதோடு அரை லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் இருக்கிற ரத்தமும் நீர்த்துப் போகும், நுரையீரலிலும் நீர் கோக்கலாம். தேவைப்பட்டால் டாக்டர் ஆரோக்கியமான வேறொரு ஆட்டின் ரத்தத்தை, கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி கணக்கில், மெதுவாக ஏற்றுவார்.

சரி, ரத்தம் எங்கே போனது? நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவையே காட்டுகிறது. ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. பால் கொடுக்கும் பெட்டையை அது எளிதில் சாய்க்கும்.

கண் இமையைப் பார்க்காமல் ஆடு வளர்க்கவே கூடாது என்பேன். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் இமை நிறத்துக்கு 1 (நல்ல சிவப்பு) முதல் 5 (வெள்ளை) வரை எண் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் பாருங்கள். 4, 5 வந்த ஆட்டுக்குக் கட்டாயம் குடற்புழு மருந்து. நன்றாகச் சிவந்திருக்கும் ஆட்டுக்கு வேண்டாம். மந்தை முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றச் சொல்லும் கடைக்காரர்களால்தான் ஐவர்மெக்டின், அல்பெண்டசோல் என்ற புழு மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் நம் நாட்டுப் பண்ணைகளில் பெருகின. எடை போடாமல் கண்மதிப்பில் ஊற்றுவதும் அதே தப்பு. ஆடு படுத்திருக்கும்போது டெக்ஸ்ட்ரோஸ் எடுத்துக் கொடுத்தவர் உங்கள் பதற்றத்துக்குத்தான் பாட்டில் விற்றார்.

அப்புறம், பனி ஈரம் காயும்முன் மேய விடாதீர்கள், புல்லைத் தரையோடு ஒட்ட அறுக்காதீர்கள். புழுக்குஞ்சு அந்த அடிப்புல்லில்தான் இருக்கும். பரண் கொட்டகை இருந்தால் நல்லது.

இன்று சாயங்காலத்துக்குள் மற்ற 13 ஆட்டின் இமையையும் வெளிச்சத்தில் பார்த்து எழுதி வையுங்கள். டாக்டர் வரும்போது அந்தத் தாளோடு இந்தப் பெட்டையின் புதுப் புழுக்கையையும் கொடுங்கள்.