கறுத்த வெள்ளி, பச்சை பூத்த செம்பு: நாணயச் சேகரிப்பாளர் கேள்வி-பதில்

கேள்வி: பாட்டி விட்டுச் சென்ற 1862ஆம் ஆண்டின் விக்டோரியா ஒரு ரூபாய்க் காசு முழுவதும் கறுத்துவிட்டது. வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துலக்குவது போல விபூதியால் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்க வேண்டாம். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்களோடு காசின் வெள்ளியே கூடி உண்டான வெள்ளி சல்பைடு. எனவே கறுப்பைத் தேய்த்து எடுக்கும்போது, அரசியின் கன்னமாகவும் மகுடமாகவும் ஆடையின் பூவேலையாகவும் ஒரு காலத்தில் இருந்த உலோகத்தையே நாம் எடுத்துவிடுகிறோம். அதோடு, அச்சின் அழுத்தத்தில் உலோகம் பாய்ந்ததால் உண்டான நுண்வரிகள்தாம் புதுக்காசின் மினுமினுப்புக்குக் காரணம். அவை ஒருமுறை அழிந்தால் எந்த மெருகாலும் மீளா. அலுமினியத் தாளையும் சமையல் சோடாவையும் வெந்நீரில் இட்டுக் காசை அமிழ்த்தும் முறை சல்பைடை மறுபடியும் வெள்ளியாக மாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு திரும்பும் வெள்ளி பழைய ஒழுங்கில் அமையாததால் முகம் உயிரற்று மங்கித் தெரியும். சேகரிப்பாளர்கள் சீரான கறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். தேய்த்த காசை விலை குறைத்தே கேட்பார்கள்.

கேள்வி: பாட்டியின் பையிலேயே இருந்த 1944ஆம் ஆண்டு ரூபாய் பழுப்பாகவும், 1947ஆம் ஆண்டு ரூபாய் ஏறக்குறையப் புதிதாகவும் இருப்பது ஏன்?

பதில்: மூன்றும் வெவ்வேறு உலோகங்கள். விக்டோரியா ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. போர்க்காலத்தில், 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, 40 சதவீதம் செம்பும் ஐந்தைந்து சதவீதம் நிக்கலும் துத்தநாகமும் சேர்க்கப்பட்டன. அந்தச் செம்புதான் பழுப்பைத் தருகிறது. 1947ஆம் ஆண்டின் ரூபாய் நிக்கலால் ஆனது. காந்தத்தை அருகே கொண்டுசென்றால் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: வெள்ளிக்காசின் விளிம்பில் மஞ்சள், செம்பு, நீலம் என வண்ணங்கள் தெரிகின்றன. யாரேனும் சாயம் ஏற்றியிருப்பார்களா?

பதில்: வண்ணம் தெரிவதற்குச் சாயம் தேவையில்லை. நீர்மேல் படர்ந்த எண்ணெயில் வானவில் தோன்றும் அதே காரணத்தால், சல்பைடுப் படலத்தின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், பொன், செந்நீலம், நீலம் என்று நிறம் வரிசையாக மாறி, கடைசியில் கறுக்கிறது. கந்தகம் கலந்த அட்டையிலோ உறையிலோ பல்லாண்டு கிடந்த காசில் இந்த நிறங்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒன்றில் ஒன்று கரைந்து செல்லும். வரிசை தவறித் திட்டுத்திட்டாகவோ, கீறலுக்குள்ளும் புகுந்தோ நிறம் இருந்தால் கந்தகப் பொருளைக் கொண்டு அவசரமாக ஏற்றியதாக ஐயப்படலாம்.

கேள்வி: ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ள ராஜராஜன் செப்புக்காசு ஒன்று வைத்திருக்கிறேன். அண்மையில் அதில் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது. புளி போட்டுக் கழுவலாமா?

பதில்: உங்கள் கடிதம்தான் இம்முறை என்னை மிகவும் கவலைப்படுத்தியது. பழஞ்செம்பில் கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்திருக்கும் கரும்பச்சையோ பழுப்போ காசைக் காக்கும் போர்வை. அதை அப்படியே விட்டுவிட வேண்டும். வெளிர்ந்து, பொடியாகி, அடியில் குழி விழும் பச்சை வேறு. செம்புக்கும் களிம்புக்கும் உள்ள உறவைப் பிறவியோடு வந்த குற்றமாகச் சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். இந்தக் களிம்பைப் பொறுத்தவரை குற்றவாளி மண்ணிலிருந்து புகுந்த உப்பு. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாகக் காசின் உட்புறம் உறங்கிக் கிடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குச் சற்று மேலே போனாலே அது விழித்து, ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, பச்சைப் பொடியாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடியும் குளோரைடை உண்டாக்குவதால், தடுக்காவிட்டால் காசு தன்னைத்தானே தின்றுகொண்டே போகும். கடற்கரை ஊர்களில் இது விரைவாக நடக்கும். புளியின் அமிலம் போர்வையைக் கரைத்து எழுத்தையும் உருவத்தையும் மழுக்குமே தவிர, உள்ளே இருக்கும் குளோரைடை எடுக்காது. காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊறவைத்து, அந்நீரைச் சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றிப் பல வாரங்கள் தொடர்ந்து, பின்னர் நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். அதன் பிறகும் பொடி தோன்றினால், பென்சோட்ரையசோல் கொண்டு பக்குவம் செய்யத் தெரிந்த அருங்காட்சியகப் பாதுகாப்பு வேதியியலாளரிடம் கொடுப்பதே சரி. அந்த வேதிப்பொருள் நஞ்சு என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி: ஆல்பத்தின் மென்மையான பிளாஸ்டிக் உறையில் இருந்த காசுகளில் பச்சைப் பிசின் படிந்துள்ளது. இதுவும் அதே நோயா?

பதில்: இல்லை. அந்த உறை பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவருகிறது. தூய அசிட்டோனில் காசை ஊறவைத்தால் பிசின் கரைந்துவிடும். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்களும் இருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். பிசின் ஏற்கெனவே அரித்த குழி அப்படியேதான் இருக்கும். இனி பாலியெஸ்டர் உறைகளையே வாங்குங்கள்.

கேள்வி: தங்கம் மாறாது என்கிறார்கள். என் சவரன் காசில் ஏன் செம்புள்ளிகள்?

பதில்: தங்கம் மாறவில்லை. சவரன் 22 காரட் என்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. அது சரியாகக் கலவாமல் திரண்ட இடம் மட்டும் சிவக்கிறது. போலி என்று அஞ்ச வேண்டாம்.

கேள்வி: தேக்கு மரப்பெட்டியில் வைத்திருந்த சாதவாகனர் ஈயக்காசுகள் வெண்பொடி பூத்துள்ளன.

பதில்: மரத்திலிருந்து வெளிவரும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தாக்கி, அதை வெண்ணிற ஈயக் கார்பனேட்டாக மாற்றியிருக்கிறது. பொடியை ஊதவோ விரலால் துடைக்கவோ கூடாது, அது நஞ்சு. கையுறை அணிந்து, காசுகளை இன்றே மரத்திலிருந்து எடுத்துப் பாலிப்ரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள். அட்டைப்பெட்டியும் ஈயத்துக்கு ஆகாது.