ரோந்து சுற்றும் ஆளில்லா வண்டி: வாசகர் கேள்வி பதில்

ராணுவக் கிடங்குகளில் இரவு ரோந்துக்கு ஆளில்லா வண்டி விடுகிறார்களாமே, இனி சிப்பாய்க்கு வேலை இல்லையா?

இருக்கிறது. சுற்றிச் சுற்றி வரும் அலுப்பு மட்டுமே வண்டிக்குப் போகிறது. அமெரிக்காவின் நெவாடாவில், அணுகுண்டுச் சோதனைகள் நடந்த பழைய களத்தில் 2010-இல் 'எம்டார்ஸ்' என்ற டீசல் வண்டியைக் காவலுக்கு இறக்கினார்கள். மணிக்கு 32 கி.மீ. வரை ஓடும். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 16 மணி நேரம் தாங்கும். குறித்துக் கொடுத்த பாதையில் தானே போகும். ஏதாவது அசைந்தால் கட்டுப்பாட்டு அறைக்குப் படம் அனுப்பும். அங்கிருப்பவர் ஒலிபெருக்கியில் அதட்டலாம். வந்தது மானா மனிதனா என்று தீர்மானித்து ஆளை அனுப்புவதும் அவர்தான். கிடங்குப் பூட்டில் ரேடியோ அலையில் தகவல் சொல்லும் சிறு அடையாளச் சில்லைப் பொருத்திவிட்டால், போகிற போக்கில் பூட்டையும் சரிபார்த்துவிடும். திருடனைப் பிடிப்பதைவிட இதுதான் பெரிய உபயோகம் என்பேன்.

எங்கெங்கே சொதப்பும்?

முதலில் ரேடியோ. வெடிமருந்துக் கிடங்குகள் மண் மூடிய கான்கிரீட் மேடுகள். அவற்றின் பின்னால் போனதும் சிக்னல் அறுந்துபோகும். தொடர்பு போனால் வண்டி அப்படியே நிற்கும்படிதான் அமைப்பார்கள். பத்திரம்தான், ஆனால் அந்தப் பக்கம் அப்போது காவலே இல்லை. வண்டிக்குப் பணம் கட்டும் முன்பே பாதை முழுக்க சிக்னலை அளந்து, விட்டுப்போகும் இடங்களில் சிக்னலை வாங்கி அனுப்பும் ரிலே கம்பம் நட வேண்டும்.

அடுத்தது வெப்பக் கேமரா. வெயிலில் காய்ந்த தரை மெல்ல ஆறும்போது, ஒரு கட்டத்தில் மனித உடம்பின் சூட்டுக்கு வந்து நிற்கும். அப்போது ஆள் படத்தில் கரைந்துவிடுவான். அந்த நேரத்தில் ரேடாரை நம்ப வேண்டும். ஓடுகிற வண்டியின் ரேடாருக்கோ வேலியும் புதரும்கூட அசைவதாகத் தெரியும். ஆகவே நிறுத்தி, ஒரு சுற்றுப் பார்த்து, பிறகு நகர்த்துவதே நல்லது. நிறுத்தங்களின் வரிசையையும் நேரத்தையும் தினமும் கலைத்துப் போடுங்கள். மாறாத ரோந்தை வெளியே இருப்பவன் மனப்பாடம் செய்துவிடுவான்.

வீண் எச்சரிக்கை இன்னொரு தலைவலி. காற்றில் ஆடும் முட்செடிக்கெல்லாம் மணி அடித்தால், பார்ப்பவர் ஒலியை அணைத்துவிடுவார். வேலியோரப் புதரை வெட்டுங்கள். ரேடாரின் உணர்திறனைத் தளம் முழுக்க ஒரே அளவில் குறைக்காமல் பகுதிக்கு ஏற்ப வையுங்கள்.

ஆவடியில் உருவான 'முந்த்ரா' என்ற ஆளில்லா வண்டி இதற்கு உதவுமா?

பொருந்தாது. அது பிஎம்பி-2 கவச வண்டியை அடிப்படையாகக் கொண்டது. களத்தில் வேவு பார்க்கவும் கண்ணிவெடி தேடவும் செய்தது. அந்தக் கவச வண்டியே 14 டன்னுக்கு மேல். இரவெல்லாம் அதன் இரும்புச் சங்கிலி உருண்டால் தளத்துச் சாலை என்னாகும்? ரோந்துக்கு ரப்பர் சக்கரமே போதும்.