காலையில் புட்டுக்குப் பதில் புரோட்டீன் பாரா?

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் மகன் புட்டும் பயறும் வேண்டாமென்று தினமும் ஒரு புரோட்டீன் பாரைத் தின்றுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான். இது நல்லதா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அவசரத்துக்கு ஒருநாள் தின்னலாம், தினசரிச் சாப்பாடாக வேண்டாம், அம்மா. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் அச்சிடுவார்கள். முதல் மூன்றில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், பாமாயில் இருந்தால் அது மிட்டாய்தான். 60 கிராம் பாரில் புரதம் 15 கிராமாவது வேண்டும். சேர்த்த சர்க்கரை 5 கிராமுக்குள் இருக்கட்டும். 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்பவை பலவற்றில் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். அது சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். மகன் வயிறு சரியில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

வேகவைக்க எடுக்கும் 50 கிராம் சிறுபயறிலேயே 12 கிராம் புரதம் உண்டு. கூட இரண்டு முட்டை வைத்தால் மொத்தம் 24. மதியம் சாளைக் குழம்பு என்றால் 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைத்துவிடும். 60 கிலோ எடையுள்ள சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் போதும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு 80 முதல் 100 வரை தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பாரைத் தொடக் கூடாது.